தாய் சாப்பிட்ட மாத்திரையும் பிள்ளைக்கு வரும் நடுக்கமும்: குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பிறந்த இரண்டாம் நாள் பிள்ளை ஓயாமல் கீச்சுக்குரலில் கத்துகிறது. பாலுக்கு வாய் துழாவுகிறது. மார்பில் போட்டால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு விட்டுவிடுகிறது. கை கால் வெடவெடக்கிறது. பெரியவர்கள் கண்ணூறு என்பார்கள், மாந்தம் என்பார்கள், தாய்க்குப் பால் பத்தவில்லை என்பார்கள். கர்ப்ப காலத்தில் தாய் சாப்பிட்டுவந்த ஒரு மாத்திரை பிள்ளைக்குத் திடீரென்று நின்றுபோனதாலும் இப்படி வரலாம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

காரணம் எளிது. வலி மாத்திரை, தூக்க மாத்திரை, ஃபிட்ஸ் மாத்திரை ஆகியவற்றில் பல, நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளையின் ரத்தத்துக்கும் போகின்றன. மாதக்கணக்கில் அந்த மருந்தோடு வளர்ந்த மூளை அதற்கு ஏற்பத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. தொப்புள்கொடியை வெட்டிய நிமிடம் வரத்து நின்றுவிடுகிறது. அடங்கியிருந்த நரம்புகள் ஒரேயடியாக எழும்பி நடுக்கம், அழுகை, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று காட்டுகின்றன. இதைத்தான் மருந்து விலகல் என்கிறார்கள். சரியாகக் கவனித்தால் நாட்களிலோ வாரங்களிலோ அடங்கிவிடும். ஆனால் கவனிக்கிறவருக்கு எந்த மருந்து என்று தெரிய வேண்டும். பிள்ளையின் சிறுநீர்ப் பரிசோதனை கடைசிச் சில நாட்களின் மருந்தைத்தான் காட்டும். பிள்ளை முதலில் கழிக்கும் கருமலத்தைச் சோதித்தால் சில மாதக் கதை தெரியும். அந்த வசதி எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காது, முடிவு வரவும் நாளாகும். தாய் வாய் திறந்து சொல்வதற்கு ஈடான பரிசோதனை கிடையாது. இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் பிரசவத்துக்கு முந்தைய வேலையைப் பற்றியே இருப்பது அதனால்தான்.

படி 1: எந்த மாத்திரைகளுக்கு இந்தக் கவனம் வேண்டும்

முதலில் கடும் வலிநிவாரணிகள்: டிரமடால், டேபென்டடால், மார்ஃபின், கோடீன் கலந்த இருமல் மருந்து. போதைப் பழக்கத்திலிருந்து மீட்கக் கொடுக்கும் புப்ரினார்ஃபின், மெத்தடோன் ஆகியவையும் இந்த வகைதான். இந்தக் குடும்ப மருந்துகளைத் தொடர்ந்து எடுத்த தாய்மாரின் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் விலகல் அறிகுறி வருகிறது. டிரமடால் 2018-இல் போதைமருந்துச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதற்கு முன் இடுப்புவலிக்கும் பல்வலிக்கும் சர்வசாதாரணமாக எழுதிக்கொடுத்த மாத்திரை அது.

அடுத்து தூக்க மாத்திரை, ‘டென்ஷன் மாத்திரை’ என்று ஊரில் சொல்பவை: அல்பிரசோலம், குளோனசெபாம், டயசெபாம். பிறகு மனச்சோர்வுக்கான செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம், ஃபுளூவாக்ஸடின். வலிப்புக்கான பீனோபார்பிடோன். புகையிலையும் மதுவும் இந்தக் கணக்கில் உண்டு. வெத்தலையோடு புகையிலை போடுவதும் சேர்த்தி.

இதில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘நரம்புச் சத்து மாத்திரை’ என்று கொடுக்கப்படும் பலவற்றில் மெத்தில்கோபாலமின் என்ற பி12 வைட்டமினோடு, நரம்புவலி மருந்தான பிரிகாபலினோ கேபாபென்டினோ சேர்ந்திருக்கும். சாப்பிடுகிறவர் அதை வைட்டமின் என்றே நினைத்துக்கொண்டிருப்பார். ரப்பர் பால் எடுக்கப் போகிறவர்களிலும், மீன்கூடை தலைச்சுமையாய்ச் சுமக்கிறவர்களிலும் கழுத்துவலி, இடுப்புவலிக்கு இதை மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த மருந்தைத் தனியாக எடுத்தாலும் சில பிள்ளைகளுக்கு விலகல் நடுக்கம் வரலாம். வலி மாத்திரையோடு சேர்ந்தால் இன்னும் கடுமையாகும்.

படி 2: பட்டியலைப் போடுங்கள்

நம் மாவட்டத்தில் ஒரே பெண்ணின் மருந்துச் சீட்டு நாலு இடத்தில் கிடக்கும். வலிப்புக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர், தைராய்டுக்கு நாகர்கோவிலில் ஒருவர், முதுகுவலிக்கு வர்ம வைத்தியம் பார்க்கும் ஒரு ஆசான், தலைவலிக்கு மார்த்தாண்டத்தில் பஸ் இறங்கும் இடத்தில் உள்ள மருந்துக்கடை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரும்போது துணைச் சுகாதார நிலையமும் மாறிவிடும். குளச்சலில் பார்த்துவந்த கிராம சுகாதார செவிலியருக்குத் தெரிந்தது குலசேகரத்தில் பார்க்கிறவருக்குத் தெரியாது. கர்ப்பத்தைப் பதிந்து வாங்கும் பிக்மி எண் ஒன்றேதான் என்றாலும், கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை அந்தப் பதிவில் ஏறியிருக்காது.

ஆகவே ஒரு தாளில் எழுதுங்கள். மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, எந்த மாதத்திலிருந்து, கடைசியாக எப்போது போட்டது. கடைசி வேளை மிக முக்கியம். பிள்ளைக்கு எப்போது அறிகுறி தொடங்கும் என்பதை அதை வைத்துத்தான் கணிப்பார்கள். அட்டையைப் பிதுக்கும்போது பெயருள்ள பக்கத்தை முதலில் கிழிப்பது நம் வழக்கம். பாதி அட்டையில் கம்பெனி முகவரியும் ‘குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும்’ என்பதும்தான் மிஞ்சும். புது அட்டை வாங்கியதும் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்துவிடுங்கள். பெரிய எழுத்தில் உள்ள கம்பெனிப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கிறதே, டாக்டருக்கு வேண்டியது அதுதான்.

அரிஷ்டத்தையும் எழுதுங்கள். தசமூலாரிஷ்டம், ஜீரகாரிஷ்டம் எல்லாம் புளிக்க வைத்துச் செய்பவை. அதில் தானாக உண்டாகும் ஆல்கஹால் இருக்கும், பாட்டிலிலேயே அந்த அளவு போட்டிருக்கும். அக்கானி (பதநீர்) என்று நினைத்துக் குடித்தது புளித்துக் கள்ளாகியிருந்தால் அதுவும் அப்படியே. பெயர் தெரியாத வலிப்பொடி யாராவது மடித்துக் கொடுத்திருந்தால், பொட்டலத்தையே கொண்டுபோங்கள்.

படி 3: தாயின் நோய்களையும் அதே தாளில் எழுதுங்கள்

பிள்ளை நடுங்குவதெல்லாம் மருந்து விலகல் அல்ல. தாயின் நோயே பிள்ளையிடம் அதே மாதிரி அறிகுறியைக் காட்டலாம்.

சுகர்தான் முதல் ஆள். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கணக்கு. அந்தத் தாயின் பிள்ளைக்குப் பிறந்த முதல் சில மணி நேரத்தில் சர்க்கரை இறங்கி நடுக்கம் வரலாம். அளந்து பார்த்துப் பால் கொடுத்தாலே சரியாகிவிடக்கூடிய காரியம். பார்க்காமல் விட்டால் மூளையைப் பாதிக்கும்.

பிரஷருக்கு லெபட்டலால் சாப்பிட்டவரின் பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கலாம், இதயத்துடிப்பு மெதுவாகலாம். பிரஷர் ஏறி ஃபிட்ஸ் வராமலிருக்க மெக்னீசியம் ஊசி போட்டிருந்தால் பிள்ளை துவண்டு கிடக்கலாம்.

தைராய்டு விஷயத்தில் ஏமாறுவது எளிது. தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய் உள்ள தாயின் எதிர்ப்பொருள்கள் பிள்ளைக்கும் போகும். பிறந்து சில நாள் நன்றாக இருந்துவிட்டு, தாயின் மாத்திரை பிள்ளையின் உடம்பிலிருந்து கழிந்ததும், ஒரு வாரம் பத்து நாளில் இதயம் படபடக்கும். பால் நன்றாகக் குடித்தும் எடை ஏறாது, தூங்காது. பல வருடத்துக்கு முன் ஆபரேஷன் செய்துவிட்டு இப்போது தைராக்ஸின் மட்டும் சாப்பிடுகிறவருக்கும் அந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் மிச்சமிருக்கலாம். “இப்போ எனக்குத் தைராய்டு குறைவுதான்” என்று சொல்லி நிறுத்திக்கொள்ளாமல், பழைய ஆபரேஷனையும் சொல்ல வேண்டும்.

வலிப்புநோய்க்குச் சில மருந்துகள் எடுக்கும் தாயின் பிள்ளைக்கு வைட்டமின் கே குறைந்து ரத்தக்கசிவு வரலாம். பிறந்ததும் போடும் வைட்டமின் கே ஊசி போட்டாயிற்றா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

படி 4: தனியாகச் சொல்லுங்கள்

எல்லாம் எழுதியாயிற்று, சொல்வதில்தான் சிக்கல். செக்கப்புக்குப் போனால் ஒரு பக்கம் மாமியார், ஒரு பக்கம் அம்மா. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தூக்க மாத்திரை சாப்பிடுகிறேன் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து எந்தப் பெண் சொல்வாள்? உயரம், எடை பார்க்கவும் வயிற்றைச் சோதிக்கவும் தனியாக உள்ளே கூப்பிடுவார்கள். அந்த நேரம் உங்களுடையது. “சிஸ்டர், ஒரு காரியம் தனியா சொல்லணும், வெளியில மாமி நிக்காங்க” என்ற ஒரு வாக்கியம் போதும். தாளை நீட்டிவிட்டால் பேசக்கூட வேண்டாம்.

மனநல சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை. சொன்னதற்கு முகம் சுளிக்கிறவர்கள் ஆஸ்பத்திரிகளில் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி ஒருவர் இருந்தால் அடுத்தவரிடம் சொல்லுங்கள், சொல்லாமல் மட்டும் திரும்பாதீர்கள். நேரில் முடியவே இல்லையென்றால் டெலி மானஸ் எண் 14416, போதைமீட்பு உதவி எண் 14446. இரண்டுக்கும் கட்டணமில்லை.

மாமியாருக்கும் அம்மாவுக்கும் ஒரு வார்த்தை: செக்கப் அறைக்குள் பிள்ளைத்தாய்ச்சியைப் பத்து நிமிடம் தனியாக விட்டுவிட்டு வெளியே உட்காருங்கள்.

படி 5: நீங்களாக நிறுத்தாதீர்கள்

இதைப் படித்ததும் பயந்து இன்று இரவே மாத்திரையைக் குப்பையில் போடுவதுதான் மிக மோசமான முடிவு. கடும் வலி மாத்திரைக்குப் பழகிய உடம்பில் அதைத் திடீரென நிறுத்தினால் கருச்சிதைவு, குறைப்பிரசவம் வரை போகலாம். வயிற்றில் உள்ள பிள்ளையும் அதே விலகலை உள்ளேயே படும். பழக்கத்துக்கு ஆளானவருக்குக் கர்ப்ப காலத்தில் மருந்தை அறவே விடுவிப்பதைவிட, மெத்தடோன் அல்லது புப்ரினார்ஃபின் கொடுத்துச் சீராக வைத்திருப்பதே மேல் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. தூக்க மாத்திரையைச் சட்டென்று விட்டால் தாய்க்கே ஃபிட்ஸ் வரலாம். வலிப்பு மாத்திரைக்கும் அதேதான். வலிப்பு மாத்திரைகளில் குறிப்பாக வால்புரோயேட் கருவின் முதுகுத்தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது. கர்ப்பத்துக்கு முன்பே மாற்ற வேண்டிய மருந்து. ஆனால் கர்ப்பம் தெரிந்த பிறகும் டாக்டர்தான் மாற்ற வேண்டும், நீங்கள் அல்ல.

மனச்சோர்வு மாத்திரையை ‘பிள்ளைக்கு ஆகாது’ என்று வீட்டார் நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கிறது. செர்ட்ரலின் போன்றவற்றால் பிள்ளைக்கு வரும் படபடப்பு பெரும்பாலும் லேசானது, சில நாளில் போய்விடும். தாயின் மனச்சோர்வு திரும்ப முற்றினால் நடப்பது அப்படி லேசானதல்ல.

படி 6: எங்கே பிரசவம் என்பதை முன்பே முடிவுசெய்யுங்கள்

பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும், இரவிலும் குழந்தை டாக்டரும் உள்ள இடம் வேண்டும். அரசு ஆஸ்பத்திரி என்றால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக்கல்லூரி. களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கத்தவர்களுக்குத் திருவனந்தபுரம் கிட்டத்தில் இருக்கும், அங்கே எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரி. எங்கே போனாலும் அங்கேயே ஒரு செக்கப்பாவது முடித்திருங்கள். பேச்சிப்பாறை மலைப்பக்கத்திலிருந்து வருகிறவர்கள் வலி வந்த பிறகு கிளம்பாமல், தேதிக்கு முன்பே கீழே வந்து தங்குவது நல்லது.

டிஸ்சார்ஜ் நாளையும் இப்போதே பேசிவிடுங்கள். சுகப்பிரசவமென்றால் மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். மெத்தடோனோ புப்ரினார்ஃபினோ எடுத்த தாயின் பிள்ளைக்கு அறிகுறி அப்போதுதான் தலைகாட்டும். குறுகிய நேரம் வேலைசெய்யும் வலி மாத்திரையென்றால் குறைந்தது மூன்று நாள், புப்ரினார்ஃபினுக்கு நான்கு முதல் ஏழு நாள், மெத்தடோனுக்கு ஐந்து முதல் ஏழு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது குழந்தை மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு.

படி 7: பிறந்த பிறகு எதைப் பார்ப்பது

எப்போது தொடங்கும் என்பது மருந்தைப் பொறுத்தது. மதுவென்றால் சில மணி நேரத்தில். வலி மாத்திரைகளில் பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள். மனச்சோர்வு மாத்திரையென்றால் இரண்டு நாளுக்குள். தூக்க மாத்திரையும் பீனோபார்பிடோனும் ஏமாற்றும்: ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துக்கூட, எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போன பிறகு வரும்.

பிள்ளையை நல்ல வெளிச்சத்தில் துணி விலக்கிப் பாருங்கள். கை நடுங்கும்போது உங்கள் உள்ளங்கையால் அந்தக் கையை மெதுவாகப் பிடித்து மடக்குங்கள். நடுக்கம் நின்றால் அது வெடவெடப்பு. பிடித்தபிறகும் உங்கள் கைக்குள் சீராக வெட்டிக்கொண்டே இருந்தால், கண் ஒரு பக்கம் செருகினால், மூச்சு நின்று உதடு நீலமானால் அது ஃபிட்ஸ். வீட்டிலிருந்தால் அந்த நொடியே 108. இந்தச் சோதனையைத் தாய், பாட்டி, அப்பா எல்லாருமே பழகிக்கொள்ளலாம்.

மற்ற அறிகுறிகள்: கூர்மையான அழுகை, அடிக்கடி தும்மல், கொட்டாவி, மூக்கடைப்பு, வியர்வை, உடம்பு விறைப்பு, கையைச் சப்பிக்கொண்டே இருந்தும் பால் சரியாகக் குடிக்காமை, வாந்தி, தண்ணீராகப் போவது, எடை இறங்குவது. ஒரு தும்மலுக்கும் ஒரு கொட்டாவிக்கும் பயப்படாதீர்கள். நாலைந்து சேர்ந்து வந்தால்தான் கணக்கு. குறைமாதப் பிள்ளையிடம் இவை லேசாகத்தான் தெரியும். தாய் சாப்பிட்ட அளவுக்கும் பிள்ளைக்கு வரும் கடுமைக்கும் நேர்க்கணக்கு கிடையாது.

காய்ச்சல் இருந்தாலோ பிள்ளை துவண்டு கிடந்தாலோ ‘மருந்து விலகல்தான்’ என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். கிருமித்தொற்றும் இப்படித்தான் தொடங்கும். டாக்டர் முதலில் சர்க்கரை, கால்சியம், தொற்று பார்த்துவிட்டே அடுத்ததற்குப் போவார்.

படி 8: முதல் மருந்து அமைதி

அளந்து பார்க்க உலகமெங்கும் பயன்படும் ஃபின்னகன் மதிப்பெண் 1975-இல் வந்தது: மூன்று நான்கு மணிக்கொருமுறை இருபதுக்கும் மேற்பட்ட அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டு, ஒரு வரம்பைத் தாண்டினால் மருந்து. சமீப காலத்தில் இதைவிட எளிய ஒரு முறை வந்திருக்கிறது. பிள்ளை ஒழுங்காகப் பால் குடிக்கிறதா, இடைஞ்சலில்லாமல் ஒரு மணி நேரமாவது தூங்குகிறதா, அழுதால் பத்து நிமிடத்துக்குள் தேற்ற முடிகிறதா? இந்த மூன்றுக்கும் ஆம் என்றால் அநேகமாக மருந்து வேண்டாம். அமெரிக்காவில் 26 ஆஸ்பத்திரிகளில் நடத்திய ஆய்வொன்று 2023-இல் வெளியானது. பழைய முறையில் வீட்டுக்கு அனுப்பும் நிலைக்குத் தேற சராசரி 14.9 நாள், இந்த முறையில் 8.2 நாள். வளைகுடாவிலும் பிரிட்டனிலும் குழந்தைப் பிரிவில் வேலைபார்த்த நர்ஸ் நம் ஊரில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். சொந்தத்தில் அப்படி யாராவது இருந்தால் முதல் வாரம் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அமைதி என்றால் உண்மையிலேயே அமைதி. விளக்கைக் குறையுங்கள், போனைச் சைலன்ட்டில் போடுங்கள். தாயின் மார்போடு தோல் படும்படி கங்காரு முறையில் அணையுங்கள். கையை மார்பருகே மடக்கி மென்துணியில் சுற்றுங்கள். இடுப்பு, கால் பக்கம் இறுக்கவேண்டாம், மல்லாக்கவே கிடத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு தூண்டல் போதும்: ஆட்டினால் பேசாதீர்கள், பேசினால் ஆட்டாதீர்கள்.

நம் வழக்கங்கள் சிலவற்றைச் சிறிது நாள் ஒத்திப்போட வேண்டும். எண்ணெய் தேய்த்து உருவி வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டுவது, மூக்கை ஊதுவது, சாம்பிராணிப் புகை, உரைமருந்து, வசம்பு எதுவும் இந்தப் பிள்ளைக்கு இப்போது வேண்டாம். பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே காப்பி கொடுத்து அனுப்புங்கள். பிள்ளை தேறவில்லையென்றால் இருபத்தெட்டாம் நாள் சடங்கைத் தள்ளி வைத்தாலும் குற்றமில்லை.

வயிற்றுப்போக்கில் பின்புறத் தோல் சீக்கிரம் புண்ணாகும். ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் துடைத்து, ஒற்றி உலர்த்தி, டாக்டர் சொல்லும் ஜிங்க் ஆக்சைடு களிம்பைக் கனமாகப் பூசுங்கள். வலி குறைந்தாலே பாதி அழுகை நிற்கும்.

படி 9: மருந்து தேவைப்பட்டால்

இதெல்லாம் செய்தும் தூக்கமும் பாலும் அமையவில்லை, எடை இறங்குகிறது, ஃபிட்ஸ் வருகிறது என்றால் மருந்து வேண்டும். வலி மாத்திரை வகைக்குப் பெரும்பாலும் வாய்வழி மார்ஃபின், துளித்துளியாக. தூக்க மாத்திரை வகைக்கு பீனோபார்பிடோன். பிள்ளைக்குப் போதை மருந்தா என்று கலங்க வேண்டாம். பழகிப்போனதைச் சிறுகச் சிறுக இறக்குகிறார்கள். பிள்ளை மூச்சுவிடாமல் பிறந்தால், கடும் வலிமருந்தின் விளைவை முறிக்க நாலோக்சோன் என்ற ஊசி உண்டு. வலி மாத்திரைக்குப் பழகிய தாயின் பிள்ளைக்கு அது கடும் விலகலையும் ஃபிட்ஸையும் கிளப்பிவிடும். தாயின் பட்டியல் லேபர் வார்டில் இருக்கவேண்டியதன் இன்னொரு காரணம் இது.

படி 10: தாய்ப்பால்

மெத்தடோன், புப்ரினார்ஃபின் எடுத்துச் சீராக இருக்கும் தாய், வேறு தடை இல்லையென்றால், பால் கொடுக்கலாம், கொடுப்பதே நல்லது. பாலில் போவது மிகச் சிறிய அளவு. செர்ட்ரலினும் அப்படியே. டிரமடாலும் கோடீனும் வேறு கதை: சிலருடைய உடம்பு அவற்றை அதிவேகமாக மாற்றிவிடுவதால் பாலில் அளவு ஏறிப் பிள்ளையின் மூச்சை அடக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் எச்சரித்தது. மாற்று வலிமருந்து கேளுங்கள். பிரசவ மருந்து என்று அரிஷ்டம் எடுத்துவரும் உறவினருக்கும், டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று பதில் சொல்லிவிடுங்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். மார்பில் பிடிக்காத பிள்ளைக்குப் பீய்ச்சிய பாலைப் பாலாடையில் புகட்டலாம். அவசரப்பட்டு ஊற்றாமல், பாலாடை விளிம்பைக் கீழுதட்டில் வைத்து, பிள்ளை நக்கி விழுங்கட்டும்.

படி 11: வீட்டுக்கு வந்த பிறகு

டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்தின் பெயர், பிள்ளையின் எடை, அடுத்து எப்போது வரவேண்டும் என்பது இருக்கிறதா பாருங்கள். அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டில் கொண்டுவிட 102 வண்டி இலவசம். தேசியத் திட்டப்படி சுகாதாரப் பணியாளர் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்க்க வேண்டும். தாய்வீட்டு முகவரியை அந்தப் பகுதிச் செவிலியரிடம் நீங்களே சொல்லிவையுங்கள். ஒவ்வொரு முறையும் எடை போடச் சொல்லுங்கள். சில வாரங்களுக்கு லேசான நச்சரிப்பும் தூக்கக்குறைவும் இருக்கத்தான் செய்யும். திடீரென்று பால் மறுத்தால், தொடர்ந்து இரண்டு மூன்று முறை எழுப்பியும் குடிக்காமல் தூங்கினால் காத்திருக்காதீர்கள்.

தாயையும் பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு மருந்தின் அளவை டாக்டர் மறுபடி கணக்கிடவேண்டும். இடையில் விட்டிருந்தவர் பழைய அளவிலேயே மீண்டும் தொடங்கினால் மூச்சு நிற்கும் ஆபத்து உண்டு. தூக்கம் வரவைக்கும் மாத்திரை எடுக்கிறவர் பிள்ளையைத் தன் பாயில் படுக்கவைக்கக் கூடாது. பக்கத்தில் தனியே கிடத்தி, இரவுப் பாலுக்கு எழுப்பிவிட ஒருவர் இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் வெறுப்புமாக இருந்தால் மறுபடி அதே 14416. அடுத்த பிள்ளைக்கு நினைக்கும்போது, தள்ளிப்போகும் மாதம் வரை காத்திராமல், அதற்கு முன்பே மருந்துத் தாளை எடுத்துக்கொண்டு போய் வால்புரோயேட் இருந்தால் மாற்றவும் ஃபோலிக் அமிலம் தொடங்கவும் கேளுங்கள்.